குளிர் ரத்தப் பிராணியின் ரத்தம் குளிர்ந்தா இருக்கிறது?

பாம்பு, பல்லி, ஆமை, முதலை எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடத்தில் 'குளிர் ரத்தப் பிராணி' என்று ஒரே முத்திரை குத்திவிடுவார்கள். 'கோல்டு பிளடட்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. ஆனால் சித்திரை மாதக் காலை வெயிலில் மதுரை யானைமலைப் பாறைமேல் காய்கிற ஓணானின் ரத்தம் நம் ரத்தத்தைவிடச் சூடாகவே இருக்கலாம். அமெரிக்கப் பாலைவன இகுவானா, உடம்பு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் சாவகாசமாக இரை தேடும். இதில் குளிர் எங்கே வந்தது?

இன்னொரு வம்பும் உண்டு. ஈவிரக்கமில்லாத கொலைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். நமக்கோ குளிர்ச்சி நல்லது, மனசும் குளிரும் வயிறும் குளிரும், இரக்கமில்லாதவனைத்தான் நெஞ்சில் ஈரமில்லாதவன் என்போம்.

அறிவியலில் இப்போது புழங்கும் சொல் 'எக்டோதெர்ம்'. கிரேக்கத்தில் எக்டோஸ் என்றால் வெளியே, தெர்மே என்றால் வெப்பம். உடம்புக்கு வேண்டிய சூட்டை வெயிலிலும் பாறையிலும் வாங்கிக்கொள்ளும் உயிர். 'புறவெப்ப உயிரி' என்றால் கச்சிதமாகப் பொருந்தும். சாப்பாட்டை எரித்து உள்ளேயே சூடு உண்டாக்கும் நாமும் பறவைகளும் 'அகவெப்ப உயிரி', அதாவது 'எண்டோதெர்ம்'. வேதியியலில் 'எண்டோதெர்மிக்' என்பதை வெப்பங்கொள் வினை என்று படித்திருப்போம், அதை இங்கே இழுத்துவந்தால் பொருள் தலைகீழாகிவிடும். அகம், புறம் இரண்டும் நம் கையிலேயே இருக்கும்போது அந்தக் குழப்பம் எதற்கு?

பெயர் தப்பாக இருப்பதால் வரும் கேடு, 'குளிர் ரத்தம்தானே, வெயில் கூடினால் அதுக்கு நல்லதுதானே' என்று தோன்றிவிடுவது. பாறையில் இருக்கும் ஒரு கரட்டானை, அதாவது ஓணானை, கொஞ்ச நேரம் கவனியுங்கள். காலையில் வயிற்றைப் பாறையோடு ஒட்டிப் படுத்திருக்கும். சூடு ஏற ஏற முன்னங்காலை ஊன்றி உடம்பைத் தூக்கும், விரல்களைக்கூட மேலே மடக்கும், வெயில் குறைவாகப் படும்படி முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பும். அதற்கும் மேலே போனால் இடுக்குக்குள் ஓட வேண்டியதுதான், உள்ளே இருக்கும் நேரமெல்லாம் பட்டினி. மெக்சிகோவின் முள் பல்லிகளை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஆய்வு, 1975க்குப் பிறகு அவற்றின் உள்ளூர்க் கூட்டங்களில் 12 சதவீதம் அழிந்துவிட்டன என்றது. இரை தேடும் நேரம் சுருங்கியதுதான் காரணம் என்பது அவர்கள் கணிப்பு.

முட்டைக்கும் புறவெப்பம்தான். முதலைகள் எல்லாவற்றிலும் பல ஆமைகளிலும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அடைகிடக்கும் மண்ணின் சூடே முடிவுசெய்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடக்குப் பகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்று 2018இல் கண்டுபிடித்தார்கள்.

ஆக, இப்படிப்பட்ட உயிருக்கு வீடு என்பது வெயில் படும் முகடும் குளிர்ந்த பொந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம். கிரானைட்டுக்காகக் கரட்டை, அதாவது பாறைக் குன்றை, அறுத்தாலும், முள்ளுக்காட்டைத் தள்ளி பிளாட் போட்டாலும் முதலில் போவது அந்த நிழல்தான். உலகின் ஊர்வன இனங்களில் சுமார் 21 சதவீதம் அழிவின் விளிம்புக்கு நெருங்கியவை என்று 2022இல் கணக்கிட்டபோதும் விவசாயம், மரம் வெட்டு, நகரப் பெருக்கம் ஆகியவைதான் பெரிய காரணங்களாக வந்தன. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்த வட்டாரத்தையும் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்த்தார்கள், ஊர் திரண்டு எதிர்த்த பிறகு 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அப்படி அறிவிப்பு எதுவும் இல்லாத கரடுகள் மதுரையைச் சுற்றி எத்தனையோ. உடும்பு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதைப் பிடித்தால் ஜெயில். அது வெயிலுக்கு ஒதுங்குகிற பாறையை உடைக்க, பட்டா நிலமாக இருந்தால், குவாரி அனுமதி வாங்கினால் போதும்.