பச்சை உடம்புக்காரியின் அறைக்குள் காஸ் அடுப்பு எதற்கு?

இந்த மாரிக்கும் வந்துவிட்டார்கள். பிள்ளை பெற்று இரண்டு கிழமைகூட ஆகாத தாய்க்குத் தலையிடி, சத்தி. அவரைப் பராமரிக்கும் அம்மாவுக்கும் தலையிடி, தலைச்சுற்று. குழந்தை பாலுக்கு எழும்பாமல் உறங்கிக்கொண்டே இருக்கிறது. "மழைக்குளிர் பட்டுவிட்டது, டொக்டர்" என்கிறார் அம்மம்மா. கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் கருவியை நீட்டி, "ஒட்சிசன் 98 காட்டுகிறது" என்கிறார் மருமகன். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, தடிமன் இல்லை. அறைக்குள் என்ன எரிந்தது என்று கேட்டேன். "புகை ஒன்றும் இல்லை, காஸ்தான்" என்று பதில் வந்தது.

ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஒத்தடத்துக்குத் துணி சூடாக்குவது, வேதுக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பது, பிறகு அறை குளிராமல் இருக்கட்டும் என்று சுடரைக் குறைத்து எரியவிட்டுப் படுப்பது. முன்பு தணற்சட்டி செய்த வேலையை இப்போது காஸ் செய்கிறது. கரி அழுக்கு, காஸ் சுத்தம் என்று படித்த மருமகன்மார் நினைக்கிறார்கள். அம்மம்மாவின் பிடிவாதத்துக்கும் மருமகனின் நாகரிகத்துக்கும் நடுவில் இப்படி ஒரு சமாதானம்.

"மணமே வரவில்லையே, டொக்டர்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 2021 கடைசியில் இலங்கை எங்கும் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தன அல்லவா? அன்றிலிருந்து எங்கள் சனங்களுக்குக் காஸ் என்றால் கசிவு, கசிவு என்றால் மணம். சவர்க்கார நுரை பூசிக் குழாயைச் சோதிக்கக்கூடப் பழகிவிட்டார்கள். நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் நான் பேசுவது கசிந்த காஸைப் பற்றி அல்ல, எரிந்த காஸைப் பற்றி. சிலிண்டருக்குள் இருக்கும் காஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்பதற்காக மேர்கப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அடுப்பு எரியும்போது அதுவும் எரிந்து போய்விடும். காற்றுப் போதாத அறையில் அரைகுறையாக எரியும் காஸிலிருந்து வருவது காபனோரொட்சைட்டு (carbon monoxide) என்ற நச்சு வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. மணம் வரவில்லை என்பது கசிவு இல்லை என்பதற்குத்தான் அத்தாட்சி, நஞ்சு இல்லை என்பதற்கு அல்ல. தயவுசெய்து இந்த இரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்ளுங்கள்.

விரல் கருவியையும் நம்பவேண்டாம். ஈமோகுளோபினில் ஒட்சிசன் ஏறியிருக்கிறதா, காபனோரொட்சைட்டு ஏறியிருக்கிறதா என்று அந்தச் சிறு கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி 98 என்று காட்டும். ஒட்சிசனை விட ஏறத்தாழ 200 மடங்கு இறுக்கமாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் வாயு அது. நோயாளியை வெளிக்காற்றில் விட்டால் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். முகமூடியால் ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். (பாடப்புத்தகத்தில் வரும் 'செந்நிற முகம்' உயிரோடு வரும் நோயாளியில் அரிது. இளம் மருத்துவர்களே, அதைத் தேடிக்கொண்டிராமல் "வீட்டில் வேறு யாருக்குத் தலையிடி?" என்று கேளுங்கள்.)

"ஏசி போட்டிருந்தோம், காற்றோட்டம் இருந்ததே" என்று சிலர் வாதாடுகிறார்கள். சுவரில் தொங்கும் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் குளிராக்கிச் சுற்றி விடுகிறது. அதற்காக யன்னலையும் இறுக்கிச் சாத்தியிருப்பீர்கள். கணக்குப் பாருங்கள்: ஒரு கிலோ காஸ் ஒழுங்காக எரிய 12, 13 கனமீற்றர் காற்றில் உள்ள ஒட்சிசன் முழுவதும் வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் மொத்தமே 28 கனமீற்றர்தான். ஒட்சிசன் தீர்ந்துபோகும் வரை ஆபத்து காத்திருக்கப் போவதில்லை. சற்றுக் குறையத் தொடங்கினாலே சுடர் அரைகுறையாக எரியத் தொடங்கிவிடும்.

"எங்கள் காலத்தில் தணல் வைத்துத்தானே இத்தனை பிள்ளைகள் வளர்ந்தார்கள்" என்று அம்மம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்து ஓட்டு வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்று தாராளமாகப் போய் வந்தது. இன்றைய வீடு கொங்கிறீற் தட்டு, அலுமினிய யன்னல், டெங்கு நுளம்புக்குப் பயந்து மாலையானதும் எல்லாம் பூட்டு. அந்தத் தணலை இந்த அறைக்குள் வைத்தால் காஸை விட மோசம். ஆகவே காஸை விட்டுச் சிரட்டைக்கரிக்குத் திரும்பிவிடாதீர்கள்.

சரி, அறைக்கு என்ன சூடு வேண்டும்? இதுதான் வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை. பச்சை உடம்பு, காற்றுப் படக்கூடாது என்று அம்மா சொல்வார். வேர்த்துக் கொட்டுகிறது, மின்விசிறியைப் போடுங்கள் என்று மகள் கெஞ்சுவார். பிரசவ அறைக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்வது 25 முதல் 28 பாகை செல்சியஸ். யாழ்ப்பாணத்தில் மார்கழி இரவில் வெளியிலேயே 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம், சாத்திய அறைக்குள் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இந்த ஊரில் நெருப்பு வைத்துச் சூடாக்கவேண்டிய அறை என்று ஒன்று கிடையாது. ஒரு சுவர் வெப்பமானி வாங்கி மாட்டுங்கள். மாமியாரோடு வாதாடுவதை அது பார்த்துக்கொள்ளும்.

குழந்தையின் கையும் காலும் குளிர்ந்திருப்பதைப் பார்த்துப் பதறவேண்டாம், பிறந்த பிள்ளைக்கு அது வழமை. நெஞ்சிலோ பிடரியிலோ கையை வைத்துப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள், அளவுக்கு மிஞ்சிய சூடும் சிசுவுக்கு ஆபத்துத்தான். குளிர்ந்திருந்தால் தாயின் வெற்று நெஞ்சில் படுக்கவைத்து மேலே போர்த்திவிடுங்கள். அதைவிட நல்ல அடுப்பு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ஏசி போட்டே ஆகவேண்டும் என்றால் 26இல் வைத்து, காற்று பிள்ளையின் மேல் நேரே விழாமல் திருப்பிவிடுங்கள்.

வேது வேண்டாம், ஒத்தடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குசினியில் கொதிக்கவைத்துக் கொண்டுவாருங்கள், அவ்வளவுதான். சிலிண்டர் படுக்கையறை வாசலைத் தாண்டக்கூடாது. அந்தக் காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். பாயில் படுத்திருப்பவர் யார் என்று யோசியுங்கள். குசினியிலும் சுடர் மஞ்சளாக எரிந்தால், பானையின் அடியில் கரி பிடித்தால், அடுப்பைத் திருத்தக் கொடுங்கள்.

ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலையிடி, வெளி விறாந்தைக்கு வந்ததும் சுகம், உள்ளே போனதும் திரும்பவும் தலையிடி என்றால் பனடோல் தேடவேண்டாம். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். தாய் மயங்கிக் கிடந்தால், முதலில் கதவைத் திறந்து இழுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். உள்ளே இருந்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் நீங்களும் பக்கத்தில் விழுவீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு சொல். அங்கே சிலிண்டர் வைத்து எரிக்கும் ஹீற்றர்களில் ஒட்சிசன் குறைந்தால் தானாக அணைக்கும் கருவி உண்டு. அப்படியிருந்தும் படுக்கையறையில் எரிக்கவேண்டாம் என்றே அவற்றில் எழுதியிருக்கும். இங்கே குசினி அடுப்பில் அந்தக் கருவியும் இல்லை. பிள்ளை பார்க்க வரும்போது சொக்கலேற்றோடு ஒரு காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியையும் கொண்டுவந்து, நீங்களே பற்றறி போட்டு அந்த அறையில் பொருத்திவிட்டுப் போங்கள். எங்கள் ஆட்களிடம் பெட்டியோடு கொடுத்தால் அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள்.