இன்ஜின் குழியில உட்கார்ந்துட்டா அது உங்க வண்டி டிஸ்ட்ரிபியூட்டர் ஆகிடாது

மறுபடியும் ஒரு அம்பாசடர். மதுரையில் ஓட்டும்போது தங்கமாக இருக்கிறதாம். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறினால் இன்ஜின் டக்கு டக்கென்று தட்டுகிறதாம். "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்கல்லண்ணே, அதான்" என்றார் வண்டிக்காரர். எத்தனாலால் பழைய ரப்பர் குழாய் கெடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஆக்டேனை, அதாவது பெட்ரோல் தட்டாமல் எரிகிற தன்மையைக் கூட்டுகிற சரக்கு; தட்டுவதற்கு அதன் மேல் பழி போடாதீர்கள். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் பழைய சாமான் கடையில் வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரம் பார்த்து ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்புகிற சாமான்) நிற்கிறது. "அச்சு அசலா உள்ள உட்கார்ந்துச்சேண்ணே!"

உட்காரும். லூகாஸ் 25டி4 என்கிற இந்த டிஸ்ட்ரிபியூட்டர் மாடலின் உடம்பு பல இன்ஜின்களுக்குப் பொது. உள்ளே இருக்கிற குண்டும் ஸ்பிரிங்கும்தான் வேறு வேறு. வேகம் கூடக் கூட ஸ்பார்க் எவ்வளவு முந்தி வரவேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. "கொஞ்சம் திருப்பி வச்சா டைமிங் சரியாயிடும்" என்கிறார்கள். ஆகாது! உடம்பைத் திருப்பினால் எல்லா வேகத்துக்கும் ஒரே அளவுதான் நகரும். ஐடிலுக்குச் சரி செய்தால் அதிக வேகத்தில் தட்டும். அதிக வேகத்துக்குச் சரி செய்தால் குறைந்த வேகத்தில் பிக்கப் செத்துவிடும். காதால் கேட்டே டைமிங் வைக்கும் வித்வான்களுக்கும் இதேதான்.

வாங்கும் முன் உடம்பில் குத்தியிருக்கும் நம்பரைத் துடைத்துப் படியுங்கள். பாயிண்ட் (கரண்டை விட்டுவிட்டு வெட்டும் முனைகள்) உட்கார்ந்திருக்கும் பிளேட்டுக்குக் கீழே டார்ச் அடித்தால், பாயிண்ட்டைத் திறக்கிற கேமின் அடித்தட்டில் இன்னொரு எண் தெரியும். குண்டுகள் ஸ்பார்க்கை அதிகபட்சம் எவ்வளவு முந்த வைக்கும் என்பதுதான் அது; 15 என்றிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரில் 15 டிகிரி, கிராங்க் ஷாஃப்டில் 30. அந்த எண் உங்கள் இன்ஜினுக்கு உரியதா என்று பாருங்கள். 1489 சி.சி. பழைய பெட்ரோல் இன்ஜினும் பிறகு வந்த 1.8 இசுசுவும் ஒன்றல்ல. இரண்டும் அம்பாசடர்தானே என்று கேட்காதீர்கள்.

சோதிக்க மெஷின் வேண்டாம். மூடிக்குள் சுற்றும் ரோட்டரை அது சுற்றும் திசையில் திருகி விட்டால் துள்ளித் திரும்ப வேண்டும். இன்ஜின் உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கை நகர்த்தும் வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் பிளேட் நகர்ந்து, உறிஞ்சியபடி இருக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால் அதைத் தாங்கும் புஷ் போச்சு. அதற்குப் பிறகு பாயிண்ட்டுக்கு 0.35–0.40 மி.மீ. இடைவெளி வைப்பதெல்லாம் வீண் வேலை. பிளேட்டிலிருந்து உடம்புக்குப் போகும் சின்ன எர்த் ஒயரையும் இழுத்துப் பாருங்கள். மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும். பிளேட் நகரும்போது மட்டும் மிஸ்ஸிங் வரும். ஆளாளுக்குக் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். (மலிவு ரோட்டரும் அப்படித்தான். நடு ரிவெட் வழியாக ஸ்பார்க் ஷாஃப்டுக்கே இறங்கிவிடும்.)

மாட்டும்போது ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறதா என்று பிளக் ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்து, புல்லியை டைமிங் குறிக்குக் கொண்டுவாருங்கள். சாவியைப் போட்டு, பாயிண்ட் ஒயர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லைட் கொடுங்கள். உடம்பைத் திருப்பும்போது லைட் எரியத் தொடங்குகிற இடம்தான் டைமிங். வேலை முடிந்ததும் சாவியை அணையுங்கள். பாயிண்ட் மூடியபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏற்றும் சுருள்) வெந்துவிடும். கிளாம்ப் போல்ட்டை உயிர்போக முறுக்காதீர்கள், உடம்பு விரிசல் விடும்.

தயவுசெய்து உங்கள் வண்டியோடு வந்த பழைய டிஸ்ட்ரிபியூட்டரை எடைக்குப் போடாதீர்கள். புஷ் மாற்றலாம், ஸ்பிரிங் மாற்றலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.