வாழ்பரப்பு: சொல் விளக்கம்

ஆங்கிலத்தின் ‘ரேஞ்ச்’ தமிழில் இடத்துக்கு இடம் வேறு சொல்லாகிறது. மலைக்குத் தொடர், வனத்துறைக்குச் சரகம், இயற்பியலுக்கு வீச்சு. ஓர் உயிரினம் எங்கிருந்து எங்குவரை வாழ்கிறதோ அந்த நிலம் முழுவதையும் குறிக்க, வாழ்பரப்பு என்பதே பொருந்தும் என்பேன்.

‘ரேஞ்ச்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வரிசை என்று பொருள். மலைத்தொடரில் அது இன்னும் தெரிகிறது. பிறகு ஆங்கிலத்தில் அலைந்து திரிவதையும், திரியும் இடத்தையும் குறிக்கலாயிற்று. தமிழில் இத்தனை சுற்று வேண்டாம். பரவு, பரப்பு இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. விரிந்து கிடக்கும் இடமே பரப்பு. வாழிடம் வேறு: ஓடைக் கல்லின் அடிப்பொந்து வாழிடம், அந்த இனம் இருக்கும் ஓடைகளெல்லாம் அடங்கிய நிலம் வாழ்பரப்பு.

குழப்பம் ‘ரேஞ்ச் எக்ஸ்டென்ஷன்’, அதாவது வாழ்பரப்பு விரிதல், என்பதில்தான். கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர்ச் சிங்கி இறாலில் ஓர் இனம், அதுவரை பதிவாகாத ஆற்றுப்படுகையில் கிடைத்தால், ‘புதிய பகுதிக்குப் பரவியது’ என்று எழுதிவிடுகிறோம். பல நேரம் அது அங்கே காலங்காலமாக இருந்திருக்கும். நாம்தான் இப்போது போய்ப் பார்த்திருப்போம். பல இனங்கள் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. வளையின் வாயில் சேற்று உருண்டைகளை அடுக்கி எழுப்பிய சிறு கூம்பு மட்டுமே வெளியே தெரியும். பிடித்தாலும் உடனே பெயர் சொல்லிவிட முடியாது. வட அமெரிக்காவின் கேம்பரிடே குடும்பத்தில் பல இனங்களைப் பிரித்தறிய, இனப்பெருக்க நிலையிலுள்ள ஆணின் முதல் இணை வயிற்றுக்கால்களின் நுனியைப் பார்க்க வேண்டும். பெண்ணோ குஞ்சோ மட்டும் சிக்கினால் ஐயம் தீராது.

ஆகவே இதற்கு ‘அறிந்த வாழ்பரப்பு விரிந்தது’ என்பதே சரி. சிக்னல் கிரேஃபிஷ் கதை வேறு. மேற்கு வட அமெரிக்காவைச் சேர்ந்த அதை 1960 வாக்கில் ஸ்வீடனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று ஐரோப்பாவின் பல நாடுகளில் பெருகி, தான் சுமந்துவரும் பூஞ்சை போன்ற நோய்க்கிருமியால் அங்குள்ள இனங்களை அழிக்கிறது. அதுதான் பரவல்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில், ஓர் இனம் காணப்படும் இடங்களையெல்லாம் சுற்றி வளைக்கும் பரப்பு 5,000 சதுர கி.மீ.க்குக் குறைவாக இருந்து மற்ற நிபந்தனைகளும் சேர்ந்தால், அது அழியும் ஆபத்திலுள்ள இனமாகும். தொலைவான ஓர் ஓடையில் கிடைக்கும் ஒரே பதிவு இந்தக் கணக்கை மாற்றிவிடலாம். அதைப் பரவல் என்று எழுதினால், இறால் பெருகிவருவதாக வாசகர் நினைப்பார். அதே நேரத்தில் பழைய ஓடைகளில் அது குறைந்துகொண்டும் இருக்கலாம்.