எலக்ட்ரானுக்கு நம் கண் ஒரு பொருட்டல்ல

செய்முறை விளக்கம் முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் தயங்கித் தயங்கி மேசை அருகே வந்தார். "நாம பாத்தாலே எலக்ட்ரான் மாறிடுதாமே சார். அப்போ மனசை ஒருமுகப்படுத்தினா நோயும் மாறும்தானே?" ஏதோ 'குவாண்டம்' பயிற்சியில் சேர்ந்திருக்கிறார். சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது.

இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனதுதான். மாத்திரை வரை போனதுதான் திக்கென்றது.

தப்பு அவருடையது மட்டுமல்ல. 'பார்த்தல்' என்ற சொல்லே ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. சுருட்டிய ஒயரை மறுபடி பிரித்தேன்.

ஒரு லேசர், அதன் பாதையில் தலைமுடி போல ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் இருபுறமும் போகும் ஒளி பின்னால் கலந்து, சுவரில் வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் விழும். இப்போது கம்பிக்கு இடப்புறம் ஒரு போலராய்டு தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்), வலப்புறம் அதற்குச் செங்குத்தாகத் திருப்பிய இன்னொன்று. வரிகள் காணாமல் போய்விடும். எந்தப் பக்கமாக வந்தது என்ற அடையாளம் ஒளியிலேயே பதிந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த அடையாளத்தை யாரும் படிக்கவில்லை. அப்புறம் சுவருக்கு முன்னால் மூன்றாவது தாளை 45 டிகிரியில் பிடித்தால் அடையாளம் அழிந்து, மங்கலாக வரிகள் திரும்பி வரும். அவர் கையாலேயே அந்தத் தாளைப் பிடிக்கச் சொன்னேன். (இந்த அளவு ஒளிக்கு, ஒளியை வெறும் அலையாக வைத்துப் போடும் கணக்கே போதும் என்பது உண்மை. ஆனால் ஒளித்துகள்களை, அதாவது ஃபோட்டான்களை, ஒவ்வொன்றாக அனுப்பினாலும் கதை இதேதான்.)

மூன்று தடவையும் நாங்கள் இருவரும் ஒரே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தோம். மாறியது தாள்.

இதைவிட எனக்குப் பிடித்தது வியன்னாவில் 2004இல் வெளியான ஒரு சோதனை. ஒளியைப் போலவே மூலக்கூறுகளும் இப்படி வரிகளை உண்டாக்கும். 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கி அனுப்பினார்கள். சூடு ஏற ஏற வரிகள் மங்கி மறைந்தன. சூடான எதுவும் ஒளியைக் கக்கும். அந்த ஒளி 'நான் இந்த இடத்திலிருந்து கிளம்பினேன்' என்ற தகவலோடு போய்விடுகிறது. அதை யாரும் பிடித்துப் படிக்கவில்லை. வரிகள் போனது போனதுதான். சுற்றுப்புறத்தில் தடம் பதிந்தாலே அது அளவீடு; இயற்பியலில் 'பார்த்தல்' என்பது அதைத்தான்.

சரி, அளவிடும்போது நமக்கு வேண்டிய விடையை வரவழைக்க முடியுமா? எந்த விடை எவ்வளவு வாய்ப்போடு வரும் என்ற கணக்கை இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் 1926லேயே சொல்லிவிட்டார். தாளின் திசைக்கு 45 டிகிரி சாய்வாக அதிரும் ஃபோட்டான் ஒன்று அதைக் கடக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எதை அளப்பது என்று நாம் முடிவு செய்யலாம். என்ன விடை வர வேண்டும் என்று சொல்ல முடியாது. மனோசக்தி வியாபாரம் நடப்பதெல்லாம் இந்த இரண்டையும் குழப்பித்தான்.

அவர் லேசில் விடவில்லை. "நாம இருக்கிறதாலதான் சுவர்ல வரி வருதோ என்னவோ?" என்றார். கைப்பேசி கேமராவில் டைமர் வைத்துவிட்டு இருவரும் வெளியே நின்றோம். படத்தில் வரிகள் இருந்தன. "இப்போ போட்டோவை நாமதானே பாக்குறோம்?" என்றார்.

சிரித்துவிட்டேன். கெட்டிக்காரக் கேள்வி. இயற்பியலாளர் யூஜின் விக்னரும் 1961இல் ஏறக்குறைய அதைத்தான் கேட்டார். பார்ப்பவரின் உணர்வுநிலைக்கு இதில் பங்கு உண்டு என்றும் எழுதினார். நோபல் பரிசு பெற்ற மனிதர். பிற்காலத்தில் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். பல வாய்ப்புகளில் ஏன் ஒன்று மட்டும் நிகழ்கிறது என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். ஆனால் அந்தச் சண்டையில் எந்தக் கட்சி ஜெயித்தாலும் போர்ன் கணக்கு மாறப்போவதில்லை, இரத்தத்தில் சர்க்கரையும் இறங்கப்போவதில்லை.

மாத்திரையை நிறுத்துவது பற்றி என்னிடமும் கேட்க வேண்டாம், பயிற்சிக்காரரிடமும் கேட்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். தலையாட்டினார். போகும்போது அந்த மூன்றாவது தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.