இசியு கேபிள் சொந்தமா கட்டுறீங்களா, எர்த்தை முதல்ல பாருங்க

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் டிப்ளமோ, ஐடிஐ படிக்கிற பசங்க நிறைய பேரு பழைய கார் இசியுவை (இஞ்சினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) லேப்டாப்ல பாக்க சொந்தமா சர்க்யூட் கட்டுறாங்க, பட்டறைக்கு எடுத்துட்டு வந்து "ண்ணா, கனெக்ட் ஆக மாட்டேங்குது"ன்னு நீட்டுறாங்க. கட்டுங்க, இதை விட நல்லா இசியு கத்துக்க வழியில்ல. ஆனா நெட்ல சுத்துற சர்க்யூட் படம் பாதிக்கு மேல டேட்டா வரணும்னு மட்டும் போட்டது, வண்டிக்கோ லேப்டாப்புக்கோ பாதுகாப்பு ஒண்ணும் இருக்காது.

பழைய வண்டில இசியு பேசுற ஒயர் பேரு கே-லைன், ஓபிடி சாக்கெட்ல (ஸ்கேனர் மாட்டுற சாக்கெட்) 7வது பின். ஒரே ஒயர், சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்ட்டேஜ்லயே நிக்கும், ஸ்பீடு 10400 பாட், அதாவது நொடிக்கு 10400 பிட். யூஎஸ்பி சீரியல் போர்டு 5 வோல்ட் இல்லன்னா 3.3 வோல்ட், அதை நேரா மாட்டுனா போர்டு போச்சு, சில நேரம் லேப்டாப் போர்ட்டும் சேர்ந்து போகும். அதனாலதான் நடுவுல டிரான்சிஸ்டர் இல்லன்னா எல்9637 மாதிரி ஐசி, 510 ஓம் புல்-அப் (லைனை பேட்டரி வோல்ட்டேஜுக்கு மேல இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்). லாரி 24 வோல்ட், அதுக்கு 1 கே ஓம் போடணும், கார் கேபிளை அப்படியே லாரில சொருகுனா லைன் கீழ இறங்குறப்பெல்லாம் அந்த 510 ஓம் ஒன்றரை வாட் வரைக்கும் குடிக்கும், கால் வாட் ரெசிஸ்டர் கருகிடும்.

பெரிய ஆபத்து எர்த்துதான். லேப்டாப்புக்கு சார்ஜ் வேணும்னு பேட்டரிலயே கிளிப் போட்டு டிசி அடாப்டர் மாட்டுறாங்க, பாடிக்கு போற எர்த் ஸ்ட்ராப் துருப்பிடிச்சிருந்தா என்ன ஆகும்? ஹெட்லைட்டு, ஃபேன் கரண்டெல்லாம் வேற வழி தேடும், ஓபிடி 4வது பின் (பாடி எர்த்), யூஎஸ்பி ஒயர், லேப்டாப், அடாப்டர்னு சுத்தி பேட்டரி நெகட்டிவுக்கு போய் சேரும். முடி மாதிரி இருக்கற யூஎஸ்பி ஒயர் அதை எங்க தாங்கும்? அதனால ஆப்டோகப்ளர் (ஒயர் தொடர்பு இல்லாம வெளிச்சத்துல சிக்னல் கடத்துற ஐசி) போட்டு ரெண்டு பக்கத்தையும் பிரிச்சிடுங்க, வண்டி பக்கத்துக்கு 16வது பின்னுல (பேட்டரி பாசிட்டிவ்) இருந்து இறக்குன தனி 5 வோல்ட், லேப்டாப் பக்கத்துக்கு யூஎஸ்பியோட 5 வோல்ட், ரெண்டு எர்த்தும் எங்கயும் தொடக்கூடாது. ஆப்டோகப்ளர்ல பிசி817 மெதுவானது, பெரிய லோட் ரெசிஸ்டரோட போட்டா சிக்னல் சிதையும், 6என்137 நல்லா ஓடும்.

16வது பின் சாவி எடுத்தாலும் லைவ்தான், அதுல அரை ஆம்ப் ஃப்யூஸ் கண்டிப்பா வேணும், கூடவே வோல்ட்டேஜ் திடீர்னு ஏறுனா அடக்குற டிவிஎஸ் டையோடும். இஞ்சின் ஓடுறப்ப பேட்டரி டெர்மினல் லூஸாகி கழண்டா ஆல்டர்னேட்டர் ஒரு நொடிக்குள்ள 60 வோல்ட்டுக்கு மேலயும் தள்ளும்.

வண்டிக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி மேசைலயே 12 வோல்ட் குடுத்து கே-லைன்ல மீட்டர் வைங்க. ஒண்ணும் அனுப்பாதப்பவே 0 காட்டுனா சிக்னல் தலைகீழா இருக்கு, அதை வண்டில மாட்டுனா மொத்த லைனையும் கீழ இழுத்துப் பிடிச்சுக்கும், அதுல இருக்கற வேற யூனிட்டும் பேசாது. 12 காட்டுனா லேப்டாப்ல சீரியல் டெர்மினல் சாஃப்ட்வேர்ல ஒரு எழுத்து தட்டுங்க, ஒரே ஒயர்ங்கறதால தட்டுனது உங்களுக்கே திரும்பி வரணும். வந்துச்சுன்னா எடுத்துட்டு வாங்க, வண்டில போட்டு பாப்போம்.