பாக்கெட்டில் இருப்பது சந்தனம்தானா?

தைப்பூசம் முடிந்த வாரத்தில் எங்கள் மருந்துக்கடைக்கு மொட்டைத்தலைப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். இந்த முறை ஒரு பாட்டி, மகளோடும் ஒரு வயதுப் பேரனோடும் வந்தார். மொட்டையில் பூசிய சந்தனம் பளீரென்ற மஞ்சள் நிறத்தில் காய்ந்து வெடித்திருந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். பஞ்சு மஞ்சளானது, அடியில் தோல் சிவந்து பொரிப்பொரியாக இருந்தது.

“சந்தனம் குளிர்ச்சிதானேம்மா? என் நாலு பிள்ளைக்கும் பூசினேன், ஒன்னும் ஆகலையே” என்றார் பாட்டி.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அன்று அவர் கல்லில் இழைத்தது கட்டை. மகள் சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் வாங்கியது பாக்கெட் தூள். திருப்பிப் பார்த்தேன். வாசனை, நிறமி என்று போட்டிருந்தது. என்ன மரம் என்று ஒரு வார்த்தை இல்லை.

சந்தனத்தின் குணமெல்லாம் வைரம் பாய்ந்த நடுமரத்து எண்ணெயில்தான் இருக்கிறது. வெளிறிய வெளிமரத்துக்கு மணமே கிடையாது. நல்ல எண்ணெயில் ஏறக்குறைய பாதி ஆல்ஃபா சாண்டலால் என்ற மணப்பொருள், ஐந்தில் ஒரு பங்கு அதன் இன்னொரு வகையான பீட்டா சாண்டலால். இவை கனமானவை, சீக்கிரம் ஆவியாகாது. காலையில் பூசியது மாலைவரை மணப்பது அதனால்தான். அழற்சியைத் தணிக்கும், சில கிருமிகளை அடக்கும் தன்மை சாண்டலாலுக்கு இருப்பதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். பென்சிலின் வருவதற்கு முன், வெட்டை நோய்க்கு (கொனோரியா) ஆங்கில மருத்துவர்களே இந்த எண்ணெயை உள்ளுக்குக் கொடுத்தார்கள். அதற்காக இன்று யாரும் குடித்துப் பார்க்க வேண்டாம்!

சரி, குளிர்ச்சி? அதில் பெரும்பங்கு, குழைத்த தண்ணீர் ஆவியாவதால் வருவது. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அது மெதுவாகத்தான் நடக்கும். தடிமனாக அப்பினால் வியர்வைக்கு வழியில்லாமல் வேர்க்குரு கூடலாம்.

சந்தனம் மிஞ்சினால் எங்கே தடவுவது என்று பழமொழி கேலி செய்த காலம் மலையேறிவிட்டது. இன்று அசல் விற்கும் விலைக்குக் கலப்படம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இழைத்த சந்தனம் வெளிர்பழுப்பாக இருக்கும். மாம்பழ மஞ்சள் என்றால் சாயத்தைச் சந்தேகப்படுங்கள். செஞ்சந்தனம் வேறு மரம், அதில் சாண்டலாலும் இல்லை, மணமும் இல்லை.

அசலும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. பொட்டு வைக்கும் இடம் கருத்துப்போனால் ‘வயசாயிடுச்சு’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சந்தனமோ குங்குமமோ, அதிலுள்ள மணப்பொருளோ சாயமோ ஒவ்வாமல் மெல்லமெல்லக் கருப்பதும் உண்டு. உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். பெரியவர்கள் சந்தன எண்ணெய் பூச விரும்பினால், 30 மில்லி தேங்காய் எண்ணெயில் அது 6 சொட்டு போதும். முதலில் முன்கையின் உட்புறம் தடவி இரண்டு நாள் பாருங்கள். குழந்தைகளுக்கு அந்த எண்ணெயே வேண்டாம்.

பேரனின் தலையை வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லி, மருத்துவரிடம் காட்ட பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அனுப்பினேன். கிளம்பும்போது பாட்டி மெதுவாகக் கேட்டார்: “பீரோவுல பழைய கட்டை ஒன்னு இருக்கு. தேய்ஞ்சு விரல் அளவுதான் மிச்சம். அதை இழைக்கலாமா?”

“தோல் ஆறட்டும் பாட்டி. அப்புறம் உங்க நெத்தியில ஒரு பொட்டு வச்சுக்குங்க” என்றேன்.