மெட்ரோவுக்குப் பக்கத்து மனை: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்

வழவழப்பான தாளில் நாலு வண்ண நோட்டீஸ். மேலே சீறிப் பாயும் ரயில் படம், அதுவும் வேறொரு ஊர் ரயில். கீழே "உத்தேச மெட்ரோ ஸ்டேஷனில் இருந்து 5 நிமிடம்". அதில் "உத்தேச" என்ற சொல் மட்டும் எறும்பு சைஸில் இருக்கும். இதை நம்பி அட்வான்ஸையும் கொடுத்துவிட்டு, "இடம் நல்ல இடந்தானுங்களா, கொஞ்சம் மதிப்புப் போட்டுச் சொல்லுங்க" என்று அதற்கப்புறம் மதிப்பீட்டாளரிடம் வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. தாலி கட்டிய பிறகு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஜோசியர்தான் என்ன செய்வார்?

கோவையில் இப்போது அவிநாசி ரோடு, சத்தி ரோடு இரண்டிலும் இதே கதைதான். நீலாம்பூர் தாண்டி, சரவணம்பட்டி தாண்டி, அன்னூர் வரைக்கும் 'மெட்ரோ' என்ற பெயர் ஒட்டாத மனைப்பிரிவைத் தேட வேண்டியிருக்கிறது. கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: "டி.பி.ஆர். ஆயிருச்சுங்க!"

சரி, டி.பி.ஆர். என்றால் என்ன? விரிவான திட்ட அறிக்கை. இந்த வழியில் ரயில் விட்டால் எத்தனை பேர் ஏறுவார்கள், எவ்வளவு செலவாகும், தூண் எங்கே வரும், கடன் எப்படி அடையும் என்று கணக்குப் போட்டு, பணம் கொடுக்க வேண்டியவர்களிடம் நீட்டும் கோப்பு. அவ்வளவுதான். அது ஒப்புதலும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை, டெண்டரும் இல்லை. தோட்டத்தில் நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிறார், ஓரிடத்தில் அது எழுந்து நிற்கிறது. உடனே யாராவது தென்னங்கன்றுக்கு ஆர்டர் கொடுப்பார்களா? போர் வண்டி வர வேண்டும், ஆயிரம் அடி இறங்க வேண்டும், தண்ணி கண்ணில் பட வேண்டும். டி.பி.ஆர். என்பது தேங்காய் எழுந்து நின்ற கட்டம்.

கோவையின் கோப்பையே பாருங்கள். 2023-இல் மாநில அரசிடம் கொடுத்த அறிக்கையில் நீளம் 39 கி.மீ., செலவு 9,424 கோடி. அடுத்து வந்த திருத்தத்தில் 34.8 கி.மீ., 10,740 கோடி, 32 ஸ்டேஷன். ஒரே ஊர், ஒரே திட்டம், நாலு கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போய்விட்டது. அந்த நாலு கிலோமீட்டரை நம்பி மனை வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பார்? 2025 நவம்பரில் மத்திய அரசு அந்த அறிக்கையையும் திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கையைக் காட்டி, 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோலைச் சொன்னார்கள். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்குள் சுமார் 15.8 லட்சம் பேர்தான். அந்த அளவுகோல் சரியா, பழைய கணக்கெடுப்பை வைத்து இன்றைய ஊரை அளக்கலாமா என்பது நியாயமான சண்டை, அது நடக்கட்டும். மனை வாங்குகிறவருக்கு அந்தச் சண்டையில் வேலை இல்லை. யார் ஆட்சிக்கு வந்தாலும், கோப்பு எத்தனை முறை போய் வந்தாலும், அது ஏற வேண்டிய படிகள் மாறப்போவதில்லை. மாநில ஒப்புதல், மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் ஆய்வு, பொது முதலீட்டு வாரியம், மத்திய அமைச்சரவை. பிறகு வெளிநாட்டு வங்கிக் கடன், ஆலோசகர் நியமனம், நில எடுப்பு, டெண்டர், தூணுக்கு அடித்தளம் இறக்கும் பைலிங். மத்திய அமைச்சரவை ஒப்புதல் வரும்வரை ஸ்டேஷனுக்காக செண்டுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

ஒப்புதல் வந்தால்கூட உடனே ரயில் ஓடிவிடாது. சென்னை முதல் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2009 ஜனவரியில் கிடைத்தது. கோயம்பேடு–ஆலந்தூர் முதல் ரயில் 2015 ஜூன் 29 அன்று ஓடியது. 45 கி.மீ. முழுவதும் முடியும்போது 2019 பிப்ரவரி. இரண்டாம் கட்டத்தில் 118.9 கி.மீ.க்கு அடிக்கல் 2020 நவம்பரில் நாட்டினார்கள், மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. தலைநகரத்திலேயே இப்படி.

இதைக் கடன் கணக்கில் போட்டுப் பாருங்கள். 20 லட்சம் கடன், 15 வருடம், 9 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 20,285 ரூபாய். சென்னை வேகத்திலேயே, ஒப்புதல் வந்து 6 வருடத்தில் முதல் ரயில் ஓடினால், அதற்குள் 14.6 லட்சம் கட்டியிருப்பீர்கள். அதில் அசலில் கழிந்தது ஏறத்தாழ 5 லட்சம்தான், மீதி வட்டி. அந்த வட்டியையும் சேர்த்து விலை ஏறினால்தான் உங்களுக்கு லாபம். நோட்டீஸ் அடித்தவர் தன் லாபத்தை முதல் நாளே எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

'ஸ்டேஷனில் இருந்து 500 மீட்டர்' என்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது. டி.பி.ஆர்.படி உக்கடம்–நீலாம்பூர் தடம் 20.4 கி.மீ., 18 ஸ்டேஷன். வகுத்துப் பாருங்கள், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சராசரி 1.2 கி.மீ. அப்படியானால் அவிநாசி ரோட்டு ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே கல்லெறிந்தாலும் ஏதோ ஒரு ஸ்டேஷனுக்குச் சுமார் 600 மீட்டருக்குள்தான் விழும். ஜங்ஷன்–வலியாம்பாளையம் பிரிவு தடத்தில், 14.4 கி.மீ.க்கு 14 ஸ்டேஷன், இடைவெளி இன்னும் குறைவு. ரோட்டோர நிலத்துக்கு இது ஒரு சிறப்பே இல்லை. சிறப்பு என்று சொல்லி விற்கப்படும் மனையோ பிரிவில் இறங்கி உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் மண் ரோட்டில் இருக்கும். அவர்கள் காட்டும் தூரம் கூகுள் மேப்பில் கோடு இழுத்த பறவைத் தூரம். வண்டியின் கிலோமீட்டர் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு நீங்களே ஓட்டிப் பாருங்கள். மேப்பில் தெரியும் 'மெட்ரோ ஸ்டேஷன்' குறியை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஸ்டேஷன் இடமும் டி.பி.ஆரில் சொன்ன புள்ளியிலேயே நிற்காது. மூன்று பெட்டி ரயில் என்றால் பெட்டிக்கு சுமார் 22 மீட்டர், பிளாட்பாரத்துக்கு மட்டும் 70 மீட்டர் வரை நேர்க்கோட்டில் வேண்டும். வளைவு வந்தால் நகர்த்துவார்கள், பெரிய குடிநீர்க் குழாய் குறுக்கே வந்தால் நகர்த்துவார்கள், படிக்கட்டு இறக்க இடம் இல்லை என்றாலும் நகர்த்துவார்கள். 300 மீட்டர் நகர்ந்தால் உங்கள் ஐந்து நிமிடம் எட்டாகிவிடும்.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று யாருக்கும் உறைப்பதில்லை. ஸ்டேஷனை ஒட்டிய மனைதான் முதலில் எடுக்கப்படும் மனை. மேலே ஓடும் ரயிலுக்கு ரோட்டு நடுவில் தூண் நிறுத்த இடம் இருந்தால் தனியார் நிலம் அதிகம் தேவைப்படாது. ஆனால் ஏறி இறங்கும் படிக்கட்டு, லிஃப்ட், மின்சார அறை எல்லாம் ரோட்டின் இருபுறமும் நடைபாதைக்கு அப்பால் வர வேண்டும். அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்ட்வின்ஸ் வரை 10.1 கி.மீ.க்கு ஜி.டி. நாயுடு மேம்பாலத்தின் தூண்கள் நடுவை ஏற்கெனவே பிடித்துக்கொண்டன. அங்கே மெட்ரோத் தூண் ஓரத்துக்குத்தான் வந்தாக வேண்டும். 'ஸ்டேஷன் வாசலிலேயே' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கடை முகப்பு நாளைக்கு அந்த வாசலாகவே ஆகிவிடலாம்.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கீழே உள்ளதைச் செய்யுங்கள், பிறகு அட்வான்ஸைப் பற்றிப் பேசலாம்.

ரெரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி வாங்கிய பதிவு எண், கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு, நம் கணக்கில் 12 செண்டுக்குச் சற்று மேல், பெரிய மனைப்பிரிவு என்றால் பதிவு கட்டாயம். விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நோட்டீஸில் குழந்தைக்குக் கப்பல் செய்து கொடுங்கள். எண் இருந்தால் நோட்டீஸை எறியாதீர்கள். ரெரா சட்டம் 12-ஆம் பிரிவின்படி, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கொடுத்து நட்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த படம், 'ஸ்டேஷன் உறுதிங்க' என்ற குரல் செய்தி எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் விற்பவர் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 13-ஆம் பிரிவு. பதிவு செய்யாத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதிப் பணத்தைக் கொடுக்கிற வழக்கத்தை இனியாவது விடுங்கள்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லையே என்று நிம்மதி அடைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்று காட்டுவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதை மட்டும்தான். நில எடுப்பு முன்மொழிவு இருப்பது அங்கே தெரியாமல் போகலாம். நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படத்தை எடுத்து, சர்வே எண்ணையும் உட்பிரிவையும் குறித்துக்கொண்டு, உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்தில் அந்த எண்ணுக்கு நிலப் பயன்பாடு என்ன, உத்தேசச் சாலை ஏதும் குறுக்கே போகிறதா என்று கேளுங்கள். வருவாய்த் துறையின் நில எடுப்புப் பிரிவிலும் அதே எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். வாய்ப் பதில் போதாது, எழுத்தில் மனுக் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள்.

இனி எதிர்ப்பக்கம், நிலம் வைத்திருப்பவர்கள். இதைச் சொல்லும்போது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அப்பாரு காலத்துத் தோட்டம், வயசான ஆத்தா ஒருத்தர் மட்டும் வீட்டில். ரோட்டோரத்தில் யாரோ மஞ்சள் பெயின்டில் எண் எழுதிவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரமே ஒரு புரோக்கர் வந்து, "மெட்ரோவுக்கு எடுத்துருவாங்க ஆத்தா, ஒண்ணும் கெடைக்காது, இப்பவே குடுத்திருங்க" என்கிறார். பாதி விலைக்குக் கைமாறுகிறது. அந்த எண் சர்வேயர் தன் கருவியை வைக்கும் இடத்துக்கு இட்ட அடையாளம், அவ்வளவே. மூன்று கால் நட்டு 'டக் டக்' என்று அடிக்கிறார்களே, அது மண் பரிசோதனை. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்தில் இருந்து விட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுகிறார்கள். துளை அடைத்ததும் கிளம்பிவிடுவார்கள். உங்கள் பட்டாவில் ஒரு எழுத்துகூட மாறாது. தயவுசெய்து, பெயின்டைப் பார்த்துப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். வெளியூரில் இருக்கும் மகன், மகள்கள் இதை ஒரு தடவை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

நிஜமாகவே நிலம் எடுத்தாலும் 'ஒண்ணும் கெடைக்காது' என்பது பொய். 2013 நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பைக் கணக்கிட, வழிகாட்டி மதிப்போடு, அக்கம்பக்கத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரையப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். எது அதிகமோ அது. அதன்மேல் சொலேஷியம் என்கிற ஆறுதல் தொகை 100 விழுக்காடு. கட்டடம், கிணறு, மரத்துக்குத் தனி மதிப்பு.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் நம்மையே கடிக்கிறது. செண்டு ஐந்து லட்சத்துக்கு வாங்கிவிட்டு, முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க இரண்டு லட்சத்துக்குப் பத்திரம் போடுகிறோம். மீதி கைப்பணம். நீங்கள் மட்டும் இல்லை, அந்த வீதியே அப்படித்தான் போட்டிருக்கிறது. நாளைக்கு அதிகாரி எடுத்துப் பார்ப்பது அந்த இரண்டு லட்சப் பத்திரங்களைத்தான். "நெசமான வெல அஞ்சுங்க" என்று அன்றைக்கு எத்தனை பேர் சத்தியம் செய்தாலும் சராசரியில் ஏறாது. ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடித்து லட்சக்கணக்கில் விடும் இந்தக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம், உண்மை விலைக்கே பதியுங்கள்.

கடை வாடகைக்கு இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, ஜி.எஸ்.டி. பதிவு, தொழில் வரி ரசீது நாலையும் ஒரே கோப்பில் வையுங்கள். அந்த இடத்தில் பிழைப்பு நடத்தினீர்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கப்போகும் சாட்சி அதுதான்.

எடுப்பு நோட்டீஸ் கையில் வந்துவிட்டால் முதலில் தலைப்பைப் படியுங்கள், எந்தச் சட்டத்தின் கீழ் என்று இருக்கும். ஆட்சேபணைக் காலம் சட்டத்துக்குச் சட்டம் மாறும். 2013 சட்டத்தில் முதற்கட்ட அறிவிப்பில் இருந்து 60 நாள். சர்வே எண், பரப்பு, பெயர் மூன்றும் உங்கள் பட்டாவோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்து, தப்பு இருந்தால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுதுங்கள். தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி போடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்தப் படியை விட்டு இறங்காதீர்கள்.